ஒரு நிமிடம் கேட்டவர்

கீழ்மருதூர் நிலையத்தின் புறப்பாட்டுச் சிக்னல் பச்சைக்கு மாறியதும் அங்கயற்கண்ணி வலக்கையை முன்னே நீட்டி, "ஸ்டார்ட்டர் பச்சை!" என்று உரக்கச் சொன்னாள், ரயில் எஞ்சினின் ஓட்டுநர் அறையில் அவளுக்கு வலப்புறம் அமர்ந்திருந்த உதவி ஓட்டுநர் கோமதிநாயகம் தானும் கையை நீட்டி, "ஸ்டார்ட்டர் பச்சை!" என்று திருப்பிச் சொன்னான். ஒருவர் கண்டதை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் தாமும் கண்டு திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. கூட வருபவரோடு மூன்று நாளாகப் பேச்சில்லாமல் இருந்தாலும் சிக்னலுக்கு மட்டும் பேசித்தான் ஆக வேண்டும். பத்தொன்பது ஆண்டுப் பணியில் அப்படிச் சிக்னலை மட்டுமே பேசிக்கொண்டு திருவனந்தபுரம் வரை போய்த் திரும்பியதும் உண்டு. வண்டி ஒரு சிறு உதறலோடு கிளம்பியது. கண்ணாடியில் சாரல் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதுகூட மிகை, மலையிலிருந்து யாரோ ஈரக் கையை உதறியது போல வந்து ஒட்டியது. துடைப்பானை ஒருமுறை ஓடவிட்டாள். அடுத்த நிலையம் மலையடிப்புதூர், பதினொரு நிமிடம். ஒரு தேங்காயைத் துருவிச் சட்னி அரைத்துத் தாளித்துக் கொட்டும் நேரம். அந்தப் பதினொன்றில் ஏழாம் நிமிடமோ எட்டாம் நிமிடமோ நாற்பத்தொன்றாம் கிலோமீட்டர் வரும், அங்கே இடப்பக்கம் வளையும் வளைவு வரும், வளைவுக்குள் ஆறாம் மின்கம்பம் வரும், அந்த இடத்தைப் பிரேக்கைத் தொடாமல் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அவள் கடந்தாக வேண்டும். கடந்துவிட்டால் நாளையும் ஓட்டுநர். கடக்காவிட்டால் நாளை முதல் மேசை, பதிவேடு, யாருக்கு எந்த வண்டி என்று எழுதிக் கொடுக்கும் வேலை. அப்படி எழுதிக் கொடுத்ததும் அவளேதான். யாரும் மிரட்டவில்லை. மீண்டும் பணிக்கு வந்தபின் இதே வளைவில் இரண்டு முறை பிரேக் பிடித்தாயிற்று. முதல்முறை வண்டி ஊர்ந்தது, இரண்டாம் முறை நின்றே போனது. தண்டவாளத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு மைனாகூட இல்லை. பயணிகள் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் தலையை நீட்டி, இல்லாத ஒன்றைத் தேடினார்கள். மேலதிகாரி நல்ல மனிதர், தேநீர் வரவழைத்துத்தான் பேசினார். அவள்தான் காகிதத்தை எடுத்து, மூன்றாம் முறையும் இப்படி நேர்ந்தால் நானே ஓட்டுநர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று எழுதி, ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

வேகம் நாற்பது, ஐம்பது. வண்டி வேகம் எடுக்கும்போது இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு வந்து முதுகுத்தண்டில் ஏறும், அது அவளுக்கு எந்நாளும் பிடிக்கும். இன்றைக்கும் பிடித்திருக்கிறதே என்று வியப்பாக இருந்தது. பிடித்திருக்கிறது, பிடித்திருக்கிறது. மனத்தில் எது வந்தாலும் அதன் பெயரைச் சொல்லச் சொன்ன யசோதரை, இதற்கும் சொல்லச் சொல்லியிருக்கிறாள். நல்லது வந்தால் பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிறீர்கள், கெட்டதற்கு மட்டும்தான் பெயரா, இது என்ன ஓரவஞ்சனை என்று கேட்டாள். யசோதரை என்பவள் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் இருக்கும் மனநல ஆலோசகர். கோலார் தங்கவயலில் பிறந்தவள், நான்கு தலைமுறையாகப் புத்தரை வணங்கும் தமிழ்க் குடும்பம், வயது அங்கயற்கண்ணியின் வயதுதான், ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே இருக்கலாம். பௌத்த முறையில் துக்கத்தை ஆற்றும் வழி காட்டுகிறாள் என்று கேள்விப்பட்டபோது அங்கயற்கண்ணி மெல்லிய குரலும் வெள்ளைப் புடைவையும் ஊதுவத்தியுமாக ஒருத்தியை எதிர்பார்த்துப் போனாள். அறைக்குள் இருந்தவளோ உருளைக்கிழங்கு போண்டாவைப் பாதி கடித்தபடி, "உட்காருங்க, உட்காருங்க, இது ஆறிப்போனா நல்லாருக்காது, ஒரு நிமிஷம்" என்றாள். ஒரு நிமிஷம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அங்கயற்கண்ணி விம்மி அழத் தொடங்கிவிட்டாள். பாவம், யசோதரை போண்டாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள், பிறகு, "அந்த வார்த்தையில என்ன இருக்குன்னு சொல்லணும்னு தோணினா சொல்லுங்க. தோணலேன்னா போண்டா சாப்பிடுங்க, இன்னொண்ணு இருக்கு" என்றாள். அவள் சொன்னாள். போண்டாவும் சாப்பிட்டாள். காரம் தூக்கல்.

அறுபது, எழுபது. ஒரு நிமிஷம் என்றுதான் அந்தக் கை கேட்டது. பதினான்கு மாதம் முன்பு, காலை ஒன்பது மணி வெயிலில், வளைவு திறந்ததும் ஆட்டுமந்தை தண்டவாளத்தைக் கடந்து முடித்திருந்தது. மந்தைக்குப் பின்னே ஆட்டுக்காரரும் கடந்துவிட்டிருந்தார். ஒரே ஒரு குட்டி மட்டும் திரும்பி ஓடி வந்து இரு தண்டவாளங்களுக்கும் நடுவே நின்றுகொண்டது. அவர் திரும்பி வந்தார். குட்டியைத் தூக்கி எறிந்தார், அது சரிவில் உருண்டு எழுந்து நின்றது. பிறகு நிமிர்ந்து எஞ்சினைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார். அச்சத்தில் உயர்த்திய கை அல்ல அது. டவுன் பஸ்ஸில் ஏற ஓடி வருகிறவர் ஓட்டுநரைப் பார்த்துக் காட்டுவாரே, இருங்க, இதோ வந்துட்டேன், ஒரு நிமிஷம், அந்தக் கை. பஸ்காரர் கொடுத்துவிடுவார். முனகிக்கொண்டாவது கொடுத்துவிடுவார். அவளால் கொடுக்க முடியவில்லை. பிரேக் பிடித்த பிறகும் அறுநூறு மீட்டர் போய்த்தான் வண்டி நின்றது. அதன் எடை அப்படி, அதன் இயல்பு அப்படி, அவள் பிழை ஒன்றும் இல்லை என்று விசாரணையில் எழுதினார்கள், அவளும் படித்துப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் கேட்டவர் தன்னிடம்தானே கேட்டார்? வேறு யாரிடமும் கேட்கவில்லையே? வீட்டில் கணவர் திரவியம் ஆறு மாதம் பொறுத்திருந்து ஒருநாள் சொன்னார்: "ஊரு தெரியாது, பேரு தெரியாது, சொந்தமா சுருத்தா, அந்த மனுசனுக்கு இம்புட்டுத் துக்கம் காக்கது இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதாம்ட்டீ." கேலியாகச் சொல்லவில்லை, கைதொட்டுத்தான் சொன்னார். இருந்தாலும் அவளுக்குச் சுருக்கென்றது. துக்கத்துக்கு உறவுமுறை வேண்டுமா? பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று எதில் அவரை வைப்பது? கடைசியாகப் பார்த்தது நான், கடைசியாகக் கேட்டது என்னிடம். இதற்கு ஓர் உறவுப்பெயர் தமிழில் இல்லை. எந்த மொழியில்தான் இருக்கிறதோ.

"யக்கா, அந்தா பாருங்க" என்றான் கோமதிநாயகம். வயல்வரப்பில் நடுகைக்கு வந்த பெண்கள் உரச்சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு வரிசையாகப் போனார்கள். ஒருத்தி வழுக்கி உட்கார்ந்துவிட, மற்றவர்கள் அவளைத் தூக்காமல் நின்று சிரித்தார்கள். விழுந்தவளும் எழ மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். வண்டி கடந்துவிட்டது. இதை எடுத்துக்கொள்ளலாம், இன்றைக்கு இது என்று அவள் மனம் குறித்துக்கொண்டது. முதிதை. யசோதரை கொடுத்த வீட்டுப்பாடங்களிலேயே கடினமானது அதுதான். பிறர் மகிழ்ச்சியைக் கண்டு மகிழ்வதற்குப் பௌத்தத்தில் தனியாக ஒரு பெயரே இருக்கிறதாம்; தினமும் முன்பின் தெரியாத ஒருவருடைய மகிழ்ச்சியை ஒன்று கண்டு வர வேண்டும், பொறாமைப்படக்கூடாது, நமக்கு இல்லையே என்று ஏங்கக்கூடாது, சும்மா அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். முதல் வாரம் அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. உலகமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. வெறுங்கையோடு போக மானம் இடம்கொடுக்காமல், "எதிர்வீட்டு நாய் நேத்து நல்லா தூங்குச்சு" என்று சொன்னாள். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை சொல்லும் சாக்கு. யசோதரை மிகுந்த அக்கறையோடு குனிந்து, "எந்தப் பக்கமா படுத்து?" என்று கேட்டாள். அதற்கு விடை தெரிய வேண்டுமே என்பதற்காக மறுநாள் அந்த நாயைப் பார்க்கப் போய், மல்லாந்து நான்கு கால்களையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு அது உறங்கிய பேரழகைக் கண்டு, வாயிற்படியில் நின்று பால்பாக்கெட் சூடாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விபத்துக்குப் பின் அவள் தன்னை மறந்து நின்ற முதல் கால்மணி நேரம் அது. அதன்பின் கண்ணுக்கு அகப்பட்டுக்கொண்டே இருந்தன. புதுச்செருப்புப் போட்டவன் குனிந்து குனிந்து அதையே பார்த்து நடந்தது. மருந்துக்கடையில் ஒரு பெண் சோதனை முடிவைப் படித்துவிட்டு யாரென்றே தெரியாத இவள் தோளைப் பிடித்து உலுக்கியது. உலகத்தில் இவ்வளவு மகிழ்ச்சி கேட்பாரற்றுக் கிடக்கிறதா!

எண்பது. மேலே போகக் கூடாது, கீழேயும் போகக் கூடாது. முப்பத்தொன்பதாம் கிலோமீட்டர். இடக்கை பிரேக் பிடியின்மேல் இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதன் விரல்கள் அவளுடையவை போல் இல்லை. யாரோ வாடகைக்குக் குடிவந்தவர்கள் போல் இருந்தன. இதோ வருகிறது. அடிவயிற்றில் ஒரு குளிர், பிறகு நாக்கில் பித்தளைப் பாத்திரத்தை நக்கினாற்போல் ஒரு சுவை, பிறகு காது அடைத்தல். இந்த மூன்றும் இதே வரிசையில்தான் வரும், ஒருநாளும் முறைமாறி வந்ததில்லை, ஒழுங்கான பயம். பயம். பயம். பயம். மூன்று முறை, மெதுவாக, மனத்துக்குள். விரட்டாதே, விரட்டினால் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வரும். நாற்காலி போட்டு உபசரிக்கவும் வேண்டாம். வந்திருப்பது யார் என்று பெயரைச் சொல், போதும். இதை முதல்முறை கேட்டபோது அங்கயற்கண்ணி சற்றுச் செருக்கோடு, "இதைத்தான் நாங்க பத்தொம்பது வருஷமா பண்ணுதோம்" என்றாள். எதை என்று யசோதரை கேட்க, சிக்னலைக் கண்டதும் கைநீட்டிச் சொல்வதை, மற்றவர் திருப்பிச் சொல்வதைச் செய்தே காட்டினாள். யசோதரை மேசையை ஓங்கித் தட்டினாள். "இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க! பச்சைன்னு கத்துறதால அது பச்சை ஆகுறதில்ல, இல்லியா?" "அது முன்னமே பச்சைதான். நாம முழிச்சிருக்கோம்ங்கதுக்காகச் சொல்லுதது." "அய்யோ, இதைச் சொல்லத்தான் நான் பத்து நாள் தியான முகாம்ல உட்கார்ந்து முட்டி தேஞ்சேன்! நீங்க சம்பளம் வாங்கிக்கிட்டே பண்ணியிருக்கீங்க!" இருவரும் அந்தச் சிறிய அறையில் எதிரெதிரே நின்று, சுவரில் இருந்த கைகழுவும் முறை விளக்கப்படத்தைச் சிக்னலாக வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிக் கைநீட்டிக் கூவிப் பார்த்தார்கள். செவிலி வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

நாற்பதாம் கிலோமீட்டர். பயம், பயம். இன்று காலையில் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்தோமா? கொடுத்தோம், ஐந்தரைக்கு, பல் துலக்கியபின். இல்லை, திரவியம் துண்டைத் தேடி நடுவில் குரல் கொடுத்தார், நாற்பது நொடியில் எழுந்துவிட்டேனோ? நாற்பது நொடி எப்படி ஒரு நிமிடம் ஆகும்? இருபது நொடி குறைந்ததே. அவருக்கு இருபது நொடி பாக்கி. அந்த இருபது நொடியில் ஒரு மனிதர் இரண்டு தண்டவாளம் தாண்டிவிடலாம், சரிவில் இறங்கிவிடலாம், குட்டியைத் தேடிப் பிடித்துவிடலாம். பார், எங்கே போய்ச் சிக்கிக்கொள்கிறது பார் மனம், முள்வேலியில் மாட்டிய முந்தானை மாதிரி. இழுத்தால் கிழியும், இழுக்காமல் நின்று ஒவ்வொரு முள்ளாக எடுக்க வேண்டும். கணக்குப் பார்த்தல், கணக்குப் பார்த்தல். அதற்கும் பெயர் உண்டு. அந்த நிமிடத்தைக் கொடுக்கச் சொன்னதும் யசோதரைதான். அன்றைக்கு அவர் கேட்ட நிமிடம் உங்களிடம் இல்லை, இன்றைக்கு இருக்கிறது, இப்பொழுது கொடுங்களேன் என்றாள். தினமும் ஒரு நிமிடம் கண்ணை மூடி, முதலில் உங்களுக்கே நலம் வேண்டிக்கொள்ளுங்கள், பிறகு உங்களுக்குப் பிரியமான ஒருவருக்கு, பிறகு அவருக்கு. "அவரு செத்துல்லா போயிட்டாரு? செத்தவருக்கு என்ன நலம்?" என்று அவள் சீறினாள். "அது எனக்கும் தெரியாது. நலம் வேண்டிக்கிறவங்களுக்கு என்ன ஆகுதுன்னுதான் எனக்குத் தெரியும்" என்று யசோதரை சொன்னாள். "ஆனா ஒண்ணு, அதை வச்சு நான் சாந்த சொரூபியா ஆயிட்டேன்னு எண்ணிடாதீங்க. நாலு தலைமுறையா புத்தருக்குப் பூ வைக்கிற வீடுதான் எங்களோடது. கோபம் வந்தா எங்கம்மா கையில பூ இருக்காது, கரண்டிதான் இருக்கும்." முதல் பத்து நாள் அந்த நிமிடத்தில் உள்ளங்கை மட்டுமே வந்தது, கதவு மாதிரி, முகத்தை மறைத்துக்கொண்டு. நலமாக இருங்கள் என்று ஓர் உள்ளங்கையிடம் சொல்வது எவ்வளவு கூச்சமாக இருக்கிறது என்று அனுபவித்தால்தான் தெரியும். ஆயினும் அவள் ஒருநாளும் தவறவில்லை. அவள் எதையும் தவறவிட்டுப் பழகியவள் அல்லள்.

சாரல் வலுத்தது. துடைப்பான் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். தண்டவாளம் இரண்டும் அப்பொழுதுதான் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் போல மின்னிக்கொண்டு பனைகளுக்கு நடுவே ஓடின. பனைகளுக்கு அப்பால் வலப்பக்கம் ரயில்வே கேட். கேட்டுக்கு அப்பால் தண்டவாளம் இடப்பக்கம் மறைந்தது. அங்கேதான். விசில் பலகை வந்தது, ஹாரனை நீளமாக அழுத்தினாள், அன்றும் இப்படித்தான் அழுத்தினேன், நீளமாக, விதிப்படி, பயம், இரண்டு நொடி குறையாமல், பயம், பித்தளைச் சுவை, காது அடைக்கிறது, இடக்கை இறுகுகிறது, இன்னும் பிடிக்கவில்லை, பிடிக்கப்போகிறேனா, பயம், கேட்டின் சிக்னல் எங்கே, அதோ, பனைக்கு மேலே, அதைச் சொல்ல வேண்டும், கை நீள்கிறது, வாய் திறக்கிறது, "கேட் பயம்!"

கோமதிநாயகம் கையை விறைப்பாக நீட்டி, உரத்த குரலில், ஒரு குறையுமில்லாமல் திருப்பிச் சொன்னான்: "கேட் பயம்!"

சக்கரம் நான்கைந்து முறை தடதடத்தது. நீட்டிய கைகள் இரண்டும் நீட்டியபடியே இருந்தன. பிறகு அவன் தலை மட்டும் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. பன்னிரண்டு ஆண்டாக இந்த வாய் எதையெல்லாம் திருப்பிச் சொல்லியிருக்கிறதோ என்று தன்னையே சந்தேகிக்கும் முகம். "யக்கா... நாம இப்ப என்ன சொன்னோம்?" அவளுக்கு அடிவயிற்றில் குளிர் இருந்த இடத்திலிருந்தே ஏதோ ஒன்று குமிழியிட்டுக் கிளம்பியது. "கேட் பச்சை!" என்று திருத்திச் சொன்னாள், குரல் உடைந்தது. "கேட் பச்சை!" என்று அவனும் சொன்னான், அவனுக்கும் உடைந்தது. "நல்லவேளை யக்கா, பச்சைதான். நான் பாக்காமலே சொல்லிட்டேனோன்னு எனக்கு இப்பதான் பயம்." "பேசாத, தம்பி, பேசாத, ரோட்டைப் பாரு." "ரோடு எங்க யக்கா, தண்டவாளம்லா இருக்கு?" அதற்குமேல் அடக்க முடியவில்லை. கண் தண்டவாளத்தை விட்டு அகலவில்லை, முதுகு வளையவில்லை, வேகமுள் எண்பதை விட்டு நகரவில்லை. இவை எல்லாம் தம் பாட்டுக்கு ஒழுங்காக இருக்க, அவள் சிரித்தாள், சிரித்தபடியே சொன்னாள்: "மேல கேமரா வேற இருக்குல்லா! சத்தத்தோட பதிவாவுதே! ஆபீஸ்ல போட்டுப் பாப்பாவ. ஓட்டுநர் சொல்லுதாவ கேட் பயம்னு. உதவி ஓட்டுநர் அத உறுதி பண்ணுதாரு!" உறுதி பண்ணுதாரு என்ற சொல்லில் அவளுக்கு விலா வலித்தது. உண்மையில் அதுதான் நடந்தது. இத்தனை மாதமாக உள்ளுக்குள்ளேயே தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இன்று ஒருவன் கைநீட்டி, ஆம், நானும் பார்த்தேன் என்று திருப்பிச் சொல்லிவிட்டான். இது யசோதரைக்கே தோன்றாத வைத்தியம். வரும் வியாழக்கிழமை சொன்னால் மேசை உடையும்.

கேட் கடந்தது. கேட்டில் நின்ற மோட்டார் சைக்கிளில் ஒரு குழந்தை பாலிதீன் பைக்குள் இருந்த ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாயை ரயிலுக்குக் காட்டியது, ரயிலுக்கும் ஒரு வாய் கொடுப்பது போல. வளைவு தொடங்கியது. நாற்பத்தொன்று, இரண்டாம் கம்பம். சிரிப்பு இன்னும் தோளில் குலுங்கிக்கொண்டிருக்கிறதே. இங்கேயா? இந்த இடத்திலா? சிரித்துக்கொண்டா இதைக் கடப்பது, உனக்கு நெஞ்சு இருக்கிறதா, அவர் உடல் கிடந்த இடம் இது, நீ இறங்கிப் போய்ப் பார்த்த இடம் இது. இடக்கை இறுகியது. குற்றம், குற்றம். நான்காம் கம்பம். அவர் வந்தார், வருவார் என்று தெரியும், வந்தார். உள்ளங்கை. இருங்க, ஒரு நிமிஷம். பிடிக்கவா? பிடித்தால் நிற்கும், அறுநூறு மீட்டர் தள்ளி, எல்லாம் முடிந்தபின், அன்றைக்குப் போலவே. நான் இப்பொழுது பிடிப்பதால் அவருக்கு என்ன கிடைக்கும்? அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் காலையில் கொடுத்தாயிற்று, நாற்பது நொடி என்றாலும் கொடுத்தது கொடுத்ததுதான். உள்ளங்கை, உள்ளங்கை என்று பெயர் சொன்னாள். சொன்னதும் அது கொஞ்சம் தாழ்ந்தது. தாழ்ந்ததும், இத்தனை மாதமாக அதற்குப் பின்னால் இருந்த முகம் தெரிந்தது. தலையில் ஈரத்துண்டு, மூன்று நாள் தாடி, வாய் பாதி திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. எஞ்சினிடம் அல்ல. குட்டியிடம். அவர் திட்டிக்கொண்டிருந்தார். கெட்ட வார்த்தைதான், சந்தேகமே இல்லை, இந்தப் பக்கத்தில் செல்லப் பிள்ளையை அழைக்கும் கெட்ட வார்த்தை. வாயோரம் அதற்கான கோணல்கூட இருந்தது. அவர் தன்னைப் பார்த்தது அரை நொடி. அதற்கு முன்னால் இருந்த நேரமெல்லாம், அந்தக் காலை முழுதும், ஒருவேளை அந்த வாழ்நாள் முழுதும், அவர் ஆடுகளோடு பேசிக்கொண்டும் ஆடுகளைத் திட்டிக்கொண்டும் வேலையாக இருந்திருக்கிறார். கடைசி அரை நொடி மட்டும்தான் என்னுடையது. மற்றதெல்லாம் அவருடையது. அதை ஏன் இவ்வளவு நாள் நான் முழுவதும் என்னுடையதாக்கி வைத்திருந்தேன்? ஆறாம் கம்பம் ஈரத்தில் கறுத்து, தன் எண்ணைக் காட்டிக்கொண்டு, மற்றக் கம்பங்களைப் போலவே வந்து மற்றக் கம்பங்களைப் போலவே போனது. வேகமுள் எண்பதில் நின்றது. "நல்லா இருங்கய்யா" என்றாள், வாய்விட்டே.

கோமதிநாயகம் இதைத் திருப்பிச் சொல்லவில்லை. அவன் அந்தப் பக்கத்துச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சினான். சாரலில் அவனுக்குச் சளி பிடிப்பது வழக்கம்.

வளைவில் ஓட்டுநர் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். பெட்டிகள் ஒழுங்காக வருகின்றனவா, எங்காவது புகை உண்டா, கடைசிப் பெட்டியில் கார்டு கொடி காட்டுகிறாரா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும். முன்னால் தண்டவாளம் நெடுந்தொலைவு வெறிச்சென்று இருப்பதைக் கோமதிநாயகம் பார்த்துச் சொன்னபின் அவள் சன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். காற்று முகத்தில் அறைந்தது, சாரல் இமையில் ஏறியது. பதினாறு பெட்டிகளும் வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஆறாம் கம்பத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு சன்னலிலிருந்தும் கைகள். மழையைப் பிடிக்க நீட்டிய கைகள். வளையல் போட்டவை, கைக்கடிகாரம் கட்டியவை, மருதாணி வைத்தவை, பிளாஸ்டர் போட்ட ஒன்று. எல்லா உள்ளங்கைகளும் விரிந்து, மேல்நோக்கி, ஈரமாக. யாரும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. ஒரு கிழவர் தலையையே வெளியே நீட்டிச் சாரலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான்காம் பெட்டியிலிருந்து ஏதோ கல்லூரிக்கூட்டத்தின் கூச்சல் காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது. இவர்கள் அத்தனை பேரையும் கொண்டுவந்தது நானா? நான்தான். இவர்களில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது, எனக்கு இவர்கள் பெயர் தெரியாது, என்ன உறவு என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கோடியில், கடைசிப் பெட்டியின் வாசலில், ஒரு பச்சைக்கொடி சிறியதாக அசைந்தது. அவள் தன் கொடியை வெளியே நீட்டி அசைத்தாள். ஒருமுறை அசைத்தால் போதும், கை ஓயவில்லை, அசைத்துக்கொண்டே இருந்தாள்.

"யக்கா, வண்டி முழுசா வருதா?" என்று கோமதிநாயகம் கேட்டான். கேட்க வேண்டியது அவன் கடமை.

தலையை உள்ளே இழுத்து, முகத்தைப் புறங்கையால் துடைத்து, கண்ணை முன்னே தண்டவாளத்தில் வைத்தாள். காது எப்பொழுது திறந்ததென்று தெரியவில்லை, எல்லாச் சத்தமும் கேட்டது.

"வருது தம்பி," என்றாள். "எல்லாரும் வாராவ."